தடை யாருக்கு, கவலை யாருக்கு

11, புதன்
காலையிலிருந்தே மூட்டம். மழை இல்லை. திருமானூர் டீக்கடை. நாளைக்குப் பெரிய நாட்டு (இனி பெ.நா.) வெளியுறவு மந்திரி வளைகுடாவுக்குப் போகிறாராம். தங்கச்சி மகன் செந்தில் ஜெயிலில் இருக்கிற அதே நாட்டுக்கு. கம்பெனி கேம்ப் ஆட்கள் சம்பளம் கேட்டு உட்கார்ந்ததைப் போனில் படம் எடுத்து நெட்டில் போட்டான். பிடித்துப் போய் ஆறு வாரம். குரல் கேட்டே மூன்று வாரம்.

கடையில் விளக்கினேன். முப்பது பேர் கூடிவிட்டார்கள். சரி, எட்டு.

"மனித உரிமைன்னா பெ.நா. உயிரையே விடும். நான் வளைகுடாவுல சூப்பர்வைசரா இருந்து பாத்தவன்."

கடைக்காரன்: "லாரி கழுவுனீங்கன்னுல்ல மாமா கேள்விப்பட்டேன்?"

லாரி கழுவும் பிரிவு முழுக்க என் பொறுப்பு. அவனுக்கென்ன தெரியும்.

12, வியாழன்
காலை ஏழிலிருந்து டிவி முன்னால். விமானம், கம்பளம், கைகுலுக்கல். போர் விமானம் விற்க ஒப்பந்தம். மனித உரிமை இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். சோறு இறங்கவில்லை. வரவே இல்லை.

ஆறு மணிக்குத் தங்கச்சி செல்வி போன்.

"அண்ணே, கேட்டாங்களா?"

"கேக்காம? மொதப் பேச்சே அதான். ராஜாவுக்கு மொகம் சுண்டிப் போச்சு!"

அழுதாள். சந்தோஷத்தில். டிவியை அணைத்துவிட்டேன்.

13, வெள்ளி
புழுக்கம். பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன். எழுதினவன், பேசினவனைப் பிடித்தால் பெ.நா. செய்வது:
பகையாளி நாடு – தடை.
ஒன்றுக்கும் ஆகாத நாடு – கண்டனம்.
கூட்டாளி – ஆழ்ந்த கவலை.
எண்ணெய் விற்று விமானம் வாங்கும் கூட்டாளி – கைகுலுக்கல்.

ஒரே ஒரு செய்தி மாறி இருந்தது. கூட்டாளி நாட்டிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரை மீட்டிருக்கிறார்கள். அவர் பொண்டாட்டி பெ.நா.விலேயே ஆபீஸ் ஆபீஸாக ஏறிக் கத்தினாளாம்.

செந்திலுக்காகக் கத்த யார்?

செருப்பு வார் அறுந்துவிட்டது.

15, ஞாயிறு
கொளுத்தும் வெயில். தா.பழூர், செல்வி வீடு. நாளை அரியலூர் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். போவோம் என்றேன்.

"எதுக்குண்ணே? அம்மாம் பெரிய நாடே கேட்டப்பறம் நாம போயி மனுவோட நின்னா நல்லாவா இருக்கும்? நான் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்."

என் பேச்சை இவ்வளவு நம்பினவர் இதுவரை யாருமில்லை. பயமாகிவிட்டது.

"செல்வி, அவங்க கேக்கல. நான்தான் சேத்துச் சொன்னேன்."

பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றது.

"எவ்ளோ சேத்தீங்க?"

"முழுசும்."

16, திங்கள்
6.10 பஸ். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கலெக்டர் ஆபீஸில் நல்ல கூட்டம். நூறு, இருநூறு... எண்ணவில்லை. மனு எழுதிக் கொடுப்பவரிடமும் வரிசை. நானே எழுதுகிறேன் என்றேன். வெள்ளைத் தாளை நீட்டினாள்.

"நடந்தத மட்டும் எழுதுங்கண்ணே. ஒங்களுது ஒரு வார்த்த வேணாம்."

பெயர். தாய் பெயர். பாஸ்போர்ட் நம்பர். பிடித்த தேதி. எதற்குப் பிடித்தார்கள். கடைசியாகப் பேசிய நாள். ஆறு வரி. பேனா மேலும் ஓடப் பார்த்தது, நிறுத்தினேன். படித்துக் காட்டினேன்.

"இவ்ளோதானா?"

இவ்வளவுதான் என்றேன். கையெழுத்துப் போட்டாள்.