வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

உஸ்மா,

சிலிண்டர் வந்தால் எடை பார்த்து வாங்கு. மீன் குழம்பைச் சுட வைக்காதே, ஆறினதே போதும்.

ஒன்று எனக்கு விளங்கவில்லை. கேஸ் மிச்சமாகட்டும், குளிக்க வெந்நீர் வேண்டாம் என்று சொன்னவன் நான். ஆனாலும் சாயங்காலம் என் வாளியில் சுடுதண்ணீர். கேட்டால், "கொழாய்லயே அப்பிடித்தான் வருது மாமா" என்கிறாய். அதே குழாயில் உன் புருஷன் பிலாலுக்கு மட்டும் ஏன் பச்சைத் தண்ணீர்? பக்கத்து வீட்டு அடுப்பில் காய்ச்சி வாங்கினால் அது நம் குடும்பத்துக்கு அழகல்ல. அஸர் தொழுதுவிட்டு வந்து பேசுகிறேன்.

மாமா

பி.கு: துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். வெயிலில் கறுப்புக் கேன் நிறையத் தண்ணீர், தொட்டால் சுடுகிறது. ஏன் மறைத்தாய்? வேண்டாம் என்று தடுப்பேன் என்றா? தடுத்திருப்பேன்தான். கேனின் பாதியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்திருந்தது. வெயில் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.