உங்கள் போனுக்கு வந்த ஆறு எண்கள்

அன்புள்ள நஞ்சப்ப மச்சானுக்கு, நீங்கள் கேட்டுச் சிரிக்க ஒரு சங்கதியோடு ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் ஹெப்பாள் வீட்டை வீடியோ எடுக்கப் போனேன். முன்வாசல், ஹால், பூஜை அறை, பின்னால் துணி துவைக்கிற கல் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு பதினோரு நிமிஷம் எடுத்தேன். புனேயில் இருக்கிற வீட்டுக்காரருக்கு உடனே அனுப்பியும் விட்டேன். அவரிடமிருந்து ஒரே வரி பதில்: "ராசு அவ்ரே, மனெ எல்லி?" வீடு எங்கே என்று கேட்கிறார் மனுஷன்.

காவ்யா வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா, கேமராவத் திருப்பவே இல்ல நீங்க. பூரா உங்க மூக்குதான்." சீலிங் ஃபேன் நன்றாகத் தெரிகிறதே என்று நான் சமாதானம் சொன்னேன். பெற்ற மகளிடம் வேறு என்ன சொல்வது?

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். உங்களுக்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்க வராது. நீங்களும் உங்கள் தங்கை, என் மனைவி ருக்குவும் இங்கே மைசூரிலேயே கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான்தான் ஹனூரிலிருந்து போய் சத்தியமங்கலத்துச் சித்தப்பா வீட்டில் தங்கி, பத்தாவது வரை தமிழில் முட்டி மோதியவன். நம் ஆபீசில் நான் பேப்பர் வாசிப்பேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். இதையும் அப்படியே கேளுங்கள். ருக்குவுக்கும் படிக்க வராது என்பதால்தான் இதை எழுத எனக்குத் துணிச்சல் வந்தது.

நம் வீட்டு புரோக்கர் தொழில் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர்களே எல்லாவற்றையும் போனில் செய்துகொள்கிறார்கள் மச்சான். படம் அவர்களே போடுகிறார்கள். அந்தத் தெருவில் என்ன விலை போகும் என்று ஆப் சொல்லிவிடுகிறது. வாங்க வருகிற பார்ட்டி மேப் பார்த்து நேராக வாசலுக்கு வந்துவிடுகிறார். கதவைத் திறந்துவிட மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அதற்கும் இப்போது நம்பர் அழுத்தித் திறக்கிற பூட்டு வந்துவிட்டது. ஆபீஸ் சுவரில் சாவி மாட்ட நாம் அடித்த ஆணிகளில் பாதி காலி. ஒன்றில் என் தொப்பியை மாட்டியிருக்கிறேன், பார்க்கிறவர்களுக்கு வெறுமையாகத் தெரியக் கூடாதே.

அதுவும் பயம்தான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

அன்றைக்கு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டும். போன வருஷம் புரோக்கர்களுக்கு ஆன்லைன் பயிற்சி என்று ஒரு ஓட்டல் ஹாலில் வகுப்பு நடத்தினார்கள். நீங்கள் வரவில்லை. "மாப்ள, நீ போயிப் படிச்சுட்டு வா. ஹெப்பாள் வூட்டை நான் காட்டிட்டு வந்தர்றேன். பூட்டுத் தொறக்கறதுக்கு எனக்கெதுக்குக் க்ளாஸு?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனீர்கள். அது என் முறை மச்சான். அந்த வீட்டைக் காட்ட வேண்டியவன் நான்.

வகுப்பில் ஒரு பொண்ணு சொல்லிக் கொடுத்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். வேலையாக இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் எடுக்கவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம், ஆப்பில் தயாராக ஒரு பதில் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றாள். "சார், நீங்க ட்ரை பண்ணுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் உங்கள் பெயர் போனில் வந்தது.

தட்டினேன். வகுப்பே கை தட்டியது. நான் எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டேன்.

"தங்கள் அழைப்புக்கு நன்றி. எங்கள் பிரதிநிதி விரைவில் தங்களைத் தொடர்புகொள்வார்." உங்களுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். அதுவும் கன்னடத்தில்.

நீங்கள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கோபமா? இல்லை, முடியவில்லையா? பார்ட்டி வந்து பார்த்தபோது மாடிப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்களாம், போன் மடியில் இருந்ததாம். ஹாலிலிருந்து ஹெப்பாளுக்கு இருபது நிமிஷம். விரட்டினால் பதினைந்து. அந்தப் பதினைந்து போதுமா போதாதா என்று நான் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. போதும் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆஸ்பத்திரியில் ருக்கு கேட்டாள்: "அண்ணன் உங்களுக்குக் கூப்புடலீங்களா?" போன் சைலன்ட்டில் இருந்தது என்றேன். அவள் நம்பினாள். பத்தாம் நாள் காரியத்தில் உங்கள் பெரியம்மா என்னைப் பற்றி ஏதோ முணுமுணுத்தபோது ருக்குதான் எனக்காகச் சண்டைக்குப் போனாள். "அவரு வேணும்னேவா பண்ணுனாரு? போனு சைலன்ட்ல இருந்துச்சுங்கறாரு, சும்மா சும்மா பேசாதீங்க." நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். பாயசம்கூட வாங்கிக்கொண்டேன்.

அந்த வீடு இன்னும் விற்கவில்லை. வீட்டுக்காரர் தானே ஆன்லைனில் போட்டுக்கொள்கிறேன் என்று புனேயில் உட்கார்ந்துகொண்டு முயற்சி செய்தார். வீடு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வந்ததாம். யார் பதிவு செய்தது தெரியுமா? நீங்கள். எனக்கெதுக்குக் க்ளாஸு என்று கேட்டவர், எனக்குத் தெரியாமல் ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து படமெல்லாம் போட்டு முடித்திருக்கிறீர்கள். படம் நேராகவும் இருக்கிறது. உங்கள் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறது: ஐந்து நிமிஷத்துக்குள் பதில் தருபவர்.

அந்தப் பதிவைத் திரும்ப உயிர்ப்பிக்க உங்கள் நம்பருக்கு ஆறு எண்ணில் ஓடிபி வரும் என்றார் வீட்டுக்காரர். நம்பர் உயிரோடுதான் இருக்கிறது. ருக்கு சொல்லி காவ்யா மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள். போன் மட்டும் பீரோவில், உங்கள் கைக்குட்டையில் சுற்றி, புடவைகளுக்கு அடியில் அணைந்து கிடந்தது. அதற்குள் என் பதிலும் கிடந்தது.

ருக்கு அதை எடுத்துவந்து சமையல் மேடையில் மிக்ஸி பிளக்கில் சார்ஜ் போட்டாள். நான் கையை நீட்டினேன். "குடு ருக்கு, நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"பேடா, வேண்டாங்க. என்ற அண்ணன் போனு, நானே பாக்கறேன்."

"உனக்குக் கண்ணாடி வேணுமல்ல?"

"கண்ணாடி போட்டுட்டுத்தான மூக்கை வீடியோ எடுத்தீங்க? தள்ளி நில்லுங்க."

திரை ஒளிர்ந்தது. ஒரு வருஷத்து மெசேஜ் எல்லாம் டிங் டிங்கென்று வந்து விழுந்துகொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. அவள் ஆறு எண்களையும் கன்னடத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். ஏழு வந்த இடத்தில் ஒன்பது என்று எழுதி, திரும்பக் கேட்டுத் திருத்தினேன். அவள் விரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனது.

"இன்னும் நெறைய இருக்குதுங்க" என்றாள்.

"எல்லாம் பேங்க் மெசேஜ். அதை எதுக்குப் பாத்துட்டு?"

"ம்."

அந்த "ம்"மில் என்ன இருந்தது மச்சான்? உங்கள் கூடப் பிறந்தவள், உங்களுக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை.

அன்றிலிருந்து போன் சமையல் மேடையிலேயே இருக்கிறது. வீட்டைக் கேட்டு ஆட்கள் உங்களைக் கூப்பிடுகிறார்கள், ருக்கு எடுக்கிறாள். "அவரு இல்ல, நான் அவரு தங்கச்சி. மனெ இதெ, பன்னி நோடி" என்று கன்னடத்தில் சொல்லி, வீட்டை வந்து பார்க்கச் சொல்கிறாள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கம்பெனி பஸ் எங்கே நிற்கும், எல்லாம் அவள் வாயில். புனேக்காரருக்கு அவள் பேச்சு பிடித்துப்போய், இந்த நம்பரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வீடியோவையும் அவள்தான் போய்த் திரும்ப எடுத்தாள். மாடிப்படி வந்ததும் மட்டும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு படியாகக் கையால் தொட்டுக்கொண்டு ஏறினாள். நீங்கள் உட்கார்ந்திருந்தது எந்தப் படி என்று அவள் கேட்கவில்லை.

போன் கிணுகிணுக்கும்போதெல்லாம் என் கையில் இருப்பது கீழே விழுகிறது. இந்த மாதத்தில் இரண்டு டம்ளர், ஒரு ஊறுகாய் ஜாடி. வயசாகுதுன்னு காவ்யா சொல்கிறாள். ஆமாம் ஆமாம் என்கிறேன்.

நேற்று மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. கை முழுக்க ரசம் சாதம். இடது கையால் அந்தத் தயார் பதிலைத் தட்டப் போனேன். ருக்கு கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ரெடிமேட் பதிலெல்லாம் யாருக்கும் அனுப்பாதீங்க. கூப்புடறவங்களுக்கு என்ன அவசரமோ. எடுத்து ஒரு வார்த்தை பேசுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ரசம் ஊற்றினாள். எப்போதும் ஊற்றுவதைவிட ஒரு கரண்டி அதிகமாகவே ஊற்றினாள்.

நான் போனை எடுத்துப் பேசினேன். யார் பேசினார்கள், என்ன கேட்டார்கள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பேசி முடித்ததும் ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மச்சான், இந்த மலர் வெளியாகும்போது சங்கத்தில் யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள். அதற்கு விட மாட்டேன். விழாவுக்கு முன்னால், அந்தச் சமையல் மேடைப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தயாராக எதையும் வைத்துக்கொள்ளாமல், என் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் ஆணை.

நேற்று அவள் தட்டை எடுக்கக் குனிந்தபோதே ஒன்று கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிட்டேன்: "ருக்கு, நீ அதை அன்னைக்கே படிச்சுட்டியா?"

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
கூப்பிட்டபோது எடுக்காத மாப்பிள்ளை,
ராசு