துரைக்கு இன்றைக்கே பதில் எழுதிவிடு

காஜா பேராங், மலாக்கா
12-4-1958

அன்புள்ள கமலவேணி அக்காவுக்கு,

இதனால் மதராஸ் மாநகர டாக்டர்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டுச் சிவப்புக் கோழி கூட்டை ராஜினாமா செய்துவிட்டு, வாசலில் இருக்கும் அப்பாவின் இடது சப்பாத்தில் முட்டையிட்டு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், அடைந்துவிட்டது. அம்மா கோழியைத் திட்டி, சப்பாத்தைத் துடைத்து, பாலிஷ் போட்டு அதே இடத்தில் வைத்துவிட்டாள். இங்கே அம்மாவும் நானும் கோழியும் சுகம், நீயும் உன் ஸ்டெதாஸ்கோப்பும் சுகமா என்று அம்மா கேட்கிறாள். ஸ்டெதாஸ்கோப் என் சேர்க்கை, மற்றதெல்லாம் அவள் சொல்ல நான் எழுதுவது.

கோலாலம்பூர் ஏஜென்சி துரை, அதுதான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எடுப்பவர், உன்னைப் பற்றி விசாரிக்கக் கணபதி கடைக்கு டெலிபோன் பண்ணினார். நான் பேசிய இங்கிலீஷில் துரை வாயடைத்துப் போனார், கணபதி அண்ணன் சீனி நிறுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், அதை நீ கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. மனுவில் தகப்பனார் காலமானார் என்று நீ எழுதியிருக்க, வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்களே, எது உண்மை என்று துரை கேட்டிருக்கிறார், இதனால் வேலை நின்றுபோகும், அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று கோபமாக எழுதியிருந்தாய். நான் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன் அக்கா. காலமானார் என்ற இடத்தில் வாய் நிற்கவில்லை.

அம்மா அழவில்லை. எழுந்து போய், காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். கட்டைச் செருப்போடு கடைக்குப் போன மனுஷனை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான், யாரும் வந்து செத்தார் என்று எனக்குச் சொல்லவில்லை, காரியமும் பண்ணவில்லை, பொட்டும் அழிக்கவில்லை என்று அந்தத் துணிகளிடம் சொல்வதுபோல் சொன்னாள். இப்போதும் சாயங்காலம் படியில் அந்தக் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்கிறது என்கிறாள். எனக்கு இந்தப் பேய் பிசாசு பயமெல்லாம் கிடையாது, எழுதி வைத்துக்கொள்.

உன்மேல் கோபமில்லையாம். டெலிபோனை நான் தொடவே இல்லடி, யார் சொன்னாங்களோ தெரியாது என்கிறாள். நீ துரைக்கு இன்றைக்கே எழுத வேண்டுமாம், அழுது எழுதாதே, கெஞ்சி எழுதாதே, நாலு வரி போதும், சயாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை, வீட்டில் இன்னும் காத்திருக்கிறார்கள், அதனால்தான் இரண்டு பதில் என்று உள்ளதை எழுது. அப்புறம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பதிலுக்காக இந்தத் துரையின் கடிதங்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாயே, அது தப்பு. டைம் வேணும்னா டைம் கேளு, வர மனசில்லேன்னா வரலன்னு சொல்லு, அங்க டாக்டர் இல்லாம ஒரு தோட்டமே ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கும், வரலன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா நானும் அன்னைக்கே சோத்துப் பானையை மூடிட்டுப் படுத்திருப்பேன் என்றாள். இதை எழுதாதேடா என்றும் சொன்னாள், அதற்குள் எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, உன் கை தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், பொய்யாத விநாயகர் உன் கூடவே இருப்பார். துரைக்குப் பதிலை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா மீனாச்சி (பெருவிரல் ரேகை)
எழுதியது தியாகு

பின்குறிப்பு: இது அம்மா சொன்னதல்ல. துரை என் இங்கிலீஷில் வாயடைக்கவில்லை, நான்தான் அடைத்துப் போனேன். அப்பாவிடம் பேசலாமா என்று கேட்டார். செத்துப்போனார் என்பதற்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும் அக்கா. ஆனால் அரிசி மூட்டை பக்கத்தில் அம்மா பொட்டோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போயிருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்றார். இப்போது வந்துவிடுவார் சார் என்றேன். அம்மாவைத் திட்டாதே. பேய்க்குப் பயமில்லை என்று மேலே எழுதியதையும் அடித்துவிடு, அன்றிலிருந்து சாயங்காலமானால் எனக்கும் படியில் சத்தம் கேட்கிறது.