செலோ நுழையும் இடம்

17 பெப்ரவரி, செவ்வாய்

உறைமழை. பஸ் தரிப்பில் வழுக்கினேன். கிற்றார்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எப்படியோ விழாமல் தப்பினேன். தந்தி மீட்டுகிற வலக்கை நகங்கள் பத்திரம். சனிக்கிழமைக் கச்சேரி முடியும்வரை பாத்திரம் கழுவமாட்டேன் என்று அம்மாவிடம் அறிவித்தாயிற்று.

"ஆம்பிளை நகம் வளக்கிறார். நல்லாயிருக்கு."

மத்தியானம் மார்த்தாவின் போன். என்னோடு வாசிக்கப்போகிற செலோக்காரி. ஹீற்றர் சூட்டில் மரம் காய்ந்து அவளுடைய செலோவின் பக்கப்பலகை ஒட்டு விட்டுப் பிளந்துவிட்டது. மாத முடிவுக்கு முன் திருத்த முடியாதாம். வாடகைக்கு ஒன்று எடுக்கலாம், ஆனால் பழகாத வாத்தியம். அவள் நேரே கேட்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில் ஒரு செலோ நிற்கிறது. அக்காவுடையது.

போன மே மாதம் அக்கா காலமான பிறகு அதை யாரும் வாசிக்கவில்லை. அம்மா தூசு தட்டுவார். பெட்டிக்குள் வைக்க விடமாட்டார். "மூடாதை. மூச்சு முட்டும்."

பின்னேரம் பயிற்சி. கிற்றாரில் டி தந்தியைத் தட்டினால் மூலையில் செலோவின் டி தந்தியும் மெல்ல முனகும். இரண்டும் ஒரே சுருதி, அதுதான் காரணம். அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

"விளங்குது. கூப்பிட்டாப் பதில் சொல்லுறாள். அவ்வளவுதானே?"

பிட்டு, மீன்குழம்பு. செலோ பற்றி வாய் திறக்கவில்லை. பயம்.

18, புதன்

வெக்ஸ்போர்ட்டில் மார்த்தா (இனி மா.) வீட்டில் ஒத்திகை. பிளவுக்கு மேல் பசைநாடா ஒட்டி வாசித்தாள். உள்ளே ஈ புகுந்தது மாதிரி இரைச்சல்.

கடைசி இசைத்துண்டுதான் பிரச்சினை. கிற்றார் தனியே நெடுநேரம் போகும். பிறகு ஒரு மௌனம். அதன் முடிவில் இரண்டு பேரும் சேர்ந்து நுழையவேண்டும். அக்காவோடு எத்தனையோ மேடையில் வாசித்த இடம். அந்த மௌனத்தில் அவள் வாய்க்குள் "வாறன்" என்பாள். எனக்கு மட்டும் கேட்கும். உடனே நுழைவோம். ஒருநாளும் பிசகியதில்லை.

பகிடி என்னவென்றால், வீட்டில் அவளுடைய "வாறன்" சதத்துக்குப் பெறாது. நாங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்போம். உள்ளேயிருந்து "வாறன், வாறன்." இன்னும் தலை சீவி இழுக்கவில்லை என்று அர்த்தம். மேடையில் மட்டும்தான் சொன்னபடி வருவாள்.

இன்று அந்த மௌனத்தில் மா. மெல்லச் சொன்னாள்: "வாரென்."

என் கை நின்றுவிட்டது.

எங்கள் பழைய ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பழகினாளாம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில், மைக்கில் அகப்பட்ட ஒரு சொல் கேட்டதாம். இத்தாலியச் சொல், ஏதோ வேகக்குறிப்பு என்று நினைத்து அகராதியெல்லாம் தேடினாளாம். கிடைக்கவில்லையாம்.

சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அர்த்தம் சொன்னேன். சொல்லட்டுமா, விடட்டுமா என்று கேட்டாள். விடு என்றேன். கொஞ்சம் கடுமையாக. பாவம், அவள் முகம் சிறுத்துப்போனது.

இங்கே உண்மையை எழுதலாம். அந்த மௌனத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். வேறு யாராவது சொல்லிவிட்டால் அக்கா எந்த இடத்தில் வந்து சொல்வாள்? ஒவ்வொரு ஒத்திகையிலும் காது கொடுக்கிறேன். நாற்பது வயது. யாரிடமாவது சொன்னால் டொக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

20, வெள்ளி

கடுங்குளிர். வாங்கவேண்டியவை: நகத்துக்கு அரம், கடுகு, அம்மாவின் பிரஷர் குளிசை, கறுப்புச் சொக்ஸ்.

நேற்று இரவு ஒருவழியாக அம்மாவிடம் செலோவைக் கேட்டேன். ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். இன்று காலை, தானாகவே: "அந்தப் பிள்ளையை வரச்சொல்லு. பாப்பம். ஆக்கள் ஆர்?"

"போர்த்துக்கேயர் அம்மா."

"பறங்கியோ!"

"ஓம். அசல் பறங்கி."

பின்னேரம் மா. வந்தாள். செலோவுக்குக் கிட்டப் போய் நின்றாள், தொடவில்லை. அது அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். தேத்தண்ணி போட்டுக் கோப்பையை அவளுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்தார். "சூடு ஏறட்டும். குளிர்க்கையாலை தொட்டா அவளுக்குப் பிடிக்காது எண்டு சொல்லு."

எவளுக்கு என்று நான் கேட்கவில்லை.

மா. சுருதி கூட்டி ஒரு நீண்ட வில் இழுத்தாள். வீடு முழுக்க அந்தச் சத்தம். அம்மா குசினிக்குள் போனார். குழாய்ச் சத்தம். எங்கள் குடும்பத்தில் அழுவதற்குக் குழாய் வேண்டும்.

போகும்போது செலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு மா. வாசலில் நின்றாள். அம்மா பெட்டியைத் தடவினார். "போயிட்டு வா, பிள்ளை." தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து மா. கை காட்டினாள்.

21, சனி

பனி. அஜின்கோர்ட்டில் ஒரு தேவாலயம். பாதி இருக்கை நிறைந்தது, இந்தக் காலநிலைக்கு அது அதிகம். அம்மா முன்வரிசை. பட்டுச்சேலை, கீழே பனிச்சப்பாத்து.

மேடைக் கதவுக்குப் பின்னால் காத்து நிற்கையில், சபையில் இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தது:

"உது என்ன, பெரிய வயலினோ?"

"செலோ அண்ணை."

"பாடுறது ஆர்?"

"பாட்டு இல்லையாம்."

"அப்ப எத்தினை மணிக்கு முடியும்?"

முதல் துண்டுகள் நன்றாகவே போயின. கடைசித் துண்டு. என் தனிப்பகுதி சுத்தமாக வந்தது. பிறகு மௌனம். மா. வில்லைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். ஒத்திகை பார்த்தபடி நான் தலையசைக்கவேண்டும். தலை அசையவில்லை. காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹீற்றர் டிக் டிக் என்றது. யாரோ இருமினார்கள். மா.வின் கண்ணில் பயம் தெரிந்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

முன்வரிசையிலிருந்து அம்மா, வீட்டில் பேசுகிற அதே குரலில்:

"வா, பிள்ளை."

மா. நுழைந்தாள். நானும். அதற்குப் பிறகு வாசித்தது ஒன்றும் நினைவில்லை. கைதட்டினார்கள்.

22, ஞாயிறு

நல்ல வெயில். பனி அள்ளுகிற வண்டியின் சத்தத்தில் எழும்பினேன். சுட்டுவிரல் நகம் முறிந்திருக்கிறது, எப்போது என்று தெரியாது.

செலோ மா.விடம். "வாசிக்கிறவளிட்டையே இருக்கட்டும்" என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டார்.

மா.வுக்குப் போன் எடுத்தேன். அந்த இடத்தில் ஏதாவது சொன்னாயா? இல்லவே இல்லை என்றாள். நான் வேண்டாம் என்ற பிறகு அவள் ஏன் சொல்லப்போகிறாள்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நேற்று ஏன் அம்மா 'வா' எண்டனீங்கள்?"

"அவள் வாறன் எண்டு சொன்னவள். பேசாமல் இருக்கிறதே? வா எண்டன்." நிமிர்ந்து பார்த்தார். "உனக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

பொய். எனக்கு ஹீற்றர்தான் கேட்டது. இடம் பிடித்து வைத்தவன் நான். பக்கத்தில் இருந்தவன் நான். அம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்பதுகூட இல்லை. அம்மாமேல் பொறாமை. வேறு சொல் இல்லை.

வரவேற்பறை மூலையில் செலோவின் ஊசிக்கால் நின்ற இடத்தில் காப்பெற்றில் ஒரு குழி. கிற்றாரை எடுத்து டி தந்தியைத் தட்டினேன். ஒன்றுமில்லை. திரும்பத் தட்டினேன். திரும்ப.

குசினியிலிருந்து அம்மா:

"ஏன்ராப்பா அந்தரப்படுறாய்? வாறன் எண்டு சொன்ன உடனை அவள் எப்பவாவது வந்தவளே?"