நான் வரையாத அம்மன்

என்னைவிட என் படங்களை அதிகம் நம்பிய அப்பாவுக்கு,

ஹாலிஎலயிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இந்தக் கடிதத்தைப் பல தடவை மனசுக்குள் எழுதிவிட்டேன். ஆரம்பிக்கத்தான் தயக்கம். சொல்லிவிடுகிறேன் அப்பா. நான் வரைவதை விட்டு ஆறு வருஷமாகிறது.

கெம்பஸிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் புதுப் படம் எங்கே என்று கேட்பீர்கள். பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டுவேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த கையால் அழுக்காகிவிடும் என்று தொடாமலே பார்ப்பீர்கள். புவியியல் படிக்கப் போன மகள் படம் வரையப் படிக்கிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்ததும் நீங்கள்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். நான் வரைய உட்கார்ந்தால் சுற்றி நின்று பார்ப்பார்கள், தாளை மூடி வைத்துவிடுவேன். ஒருநாள் கிழிந்த துணிப்பையைத் தைக்க உட்கார்ந்தேன். தைக்கிறவளை யாரும் நின்று பார்ப்பதில்லை. கிழிசலை மறைக்க ஒரு துணி இலை வெட்டி வைத்தேன். அடுத்த கிழமை கிழியாத இடத்திலும் ஓர் இலை. ஒளிந்துகொள்ளத்தான் தைக்கத் தொடங்கினேன், பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. எந்தத் துண்டு எதன் பக்கத்தில் உட்காரும் என்று தேடுவதில் இருக்கும் சுகம் எனக்கு வர்ணம் பூசியபோது கிடைத்ததில்லை. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது?

போன மாசம் நம் தோட்டத்துக் கோயில் தலைவர் மாரிமுத்து சித்தப்பா நம் வீட்டுக்கு வந்தார். அம்மன் சந்நிதித் திரையில் இருந்த படம் மங்கிவிட்டதாம், திருவிழாவுக்கு முன்னால் நான் புதிதாக வரைந்து தர வேண்டுமாம்.

“ஒங்கப்பா கோயில்ல வச்சு வாக்குக் குடுத்தாரும்மா. அதான் நாங்க வேற ஆளே தேடல” என்றார்.

கோயிலில் கொடுத்த வாக்கு. நீங்களே இல்லாதபோது அதை நான் எப்படிப் பொய்யாக்குவது? இரண்டு நாள் பென்சிலோடு போராடினேன். வந்ததெல்லாம் எட்டாம் வகுப்பில் நான் வரைந்த அதே முகம். கடைசியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை.

“ஒங்கப்பா மட்டும் என்னவாம்? கல்யாணமான புதுசுல காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுனாரு, அதுவும் என் சீலையில. அப்புறம் ரேடியோவக் கழட்டிப் போட்டுக்கிட்டுக் கெடந்தாரு. கடைசியில டேலியாப் பூ. ஒண்ண விட்டுட்டு ஒண்ணுக்குப் போனப்ப நான் ஏன்னு கேட்டேனா?”

டேலியா எனக்குத் தெரியும். ரதி வேஷத்தை ஏன் அப்பா என்னிடம் சொல்லவே இல்லை?

மறுநாள் நானே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். எனக்கு வரைய வராது, துணித் துண்டுகளை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். கட்டிய துணி சாமிக்கு ஆகாது, புதுத் துணியானால் பார்க்கலாம் என்றார்.

அத்தனை நிறத்தில் புதுத் துணிக்கு எங்கே போவது என்று நான் நிற்க, அம்மா பெட்டியைத் திறந்தார். விசேஷங்களில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ஜாக்கெட் துணிகள் அதில் மடிப்புக் கலையாமல் இருந்தன. லயத்தில் எந்த வீட்டில்தான் அவை இல்லை? ஒருத்தரும் தைத்துப் போடுவதில்லை, அடுத்த விசேஷத்தில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். சேதி பரவி, பெண்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். சுவரை ஒட்டிய அடுத்த காம்பரா பாக்கியம் அத்தை ஊதாத் துணி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

“இது நான் ஒங்கம்மாவுக்கு வச்சுக் குடுத்தது. ஊரெல்லாம் சுத்தி எனக்கே வந்துருச்சு பாரு.”

“நல்ல துணியா இருந்தா நான் ஏன் குடுக்கப்போறேன்?” என்றார் அம்மா. அன்று வீட்டில் கேட்ட சிரிப்பு, நீங்கள் போன பிறகு கேட்ட முதல் பெரிய சிரிப்பு.

திருவிழாவன்று, அந்தத் துண்டுகளால் நான் தைத்த திரைக்கு முன்னால் பெண்கள் யாரும் கண்ணை மூடவில்லை. அம்மன் சேலையில் தங்கள் துண்டு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பூசாரி இரண்டு தடவை மணி அடிக்க வேண்டியிருந்தது. பொங்கல் கொடுக்கும்போது சித்தப்பா, “ஒங்கப்பா வாக்கு நின்னுருச்சும்மா” என்றார். நான் ஒளிந்துகொள்ளத் தூணுக்குப் பின்னால் போகவில்லை அப்பா. எல்லோரும் பார்க்க அங்கேயே நின்று சாப்பிட்டேன்.

எப்போதும் தைத்துக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். நாளைக்கு இதுவும் அலுத்துப்போகலாம், கை வேறெதன் பக்கமாவது போகலாம். அப்படிப் போனால் அதை ஒளிக்காமல், முதலில் உங்களிடம் சொல்வேன். அந்த வாக்கைத் தருகிறேன்.

உங்கள் கடைக்குட்டி மகள்,
சாந்தி