மஞ்சள் கடுதாசியில் நான் கையெழுத்துப் போடவில்லை

திண்டுக்கல்
ஆடி 6, செவ்வாய்க்கிழமை

பவித்ராவின் அப்பாவுக்கு,

மணிமேகலை எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் பிவண்டியில் ஒரு துணிக் கிட்டங்கியில் பார்சல் கட்டும் வேலையில் இருப்பதாகவும், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றும் உங்கள் சிநேகிதர் பிரபு சொன்னார். அது நிஜமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் போன் அணைந்தே கிடப்பதால் தபாலில்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிரபு மேல் கோபப்படாதீர்கள். விலாசத்தைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். நான் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். மில்லுக்குக் கிளம்பியவர், "அண்ணி, எந்திரிங்க, பாக்குறவுக என்ன நினைப்பாக" என்றார். நினைக்கிறவர்கள் நினைக்கட்டும் என்றேன். வெயில் ஏறிய பிறகு அவராகவே விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். பாவம், அன்று அவருக்கு அரை நாள் சம்பளம் போயிற்று.

நீங்கள் அவரிடம் கொடுத்தனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. கோர்ட்டில் கொடுக்க வேண்டிய திவால் மனு. ஊரில் மஞ்சள் கடுதாசி என்கிறார்களே, அதுதான். மில்களுக்கு நூல் சுற்றும் பேப்பர் கோன் செய்யும் நம் கம்பெனி என் பெயரில் இருப்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் புள்ளி வைத்திருந்தீர்கள். கூடவே உங்கள் கையால் எழுதிய சீட்டு. "மேகலை, இதில் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிடு, அதற்கப்புறம் உன்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதன் கீழே கடைசியாக, விடை பெறுவது போல ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பவித்ரா பார்ப்பதற்குள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வரிக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அதற்கு நேரில்தான் பதில் சொல்லுவேன்.

ஷெட் கதவில் நோட்டீஸ் ஒட்டிய அன்று, ஏதோ கரண்டு பில் விவகாரம் என்று என்னிடம் சொன்னீர்கள். ஆர்டர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். அதன் பிறகு வங்கிக்குப் போனபோதுதான் கணக்கை முடக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண், "மேடம், உங்க பேர்லதான் ஜி.எஸ்.டி. பாக்கி இருக்கு" என்றாள். என் பெயரில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் நின்றேன். அன்றே ஆடிட்டர் சிலுவைமுத்துவைப் போய்ப் பார்த்தேன்.

அவர் பொறுமையாக விளங்கச் சொன்னார். முன்பு ஒரு ஏஜென்ட்டிடம் கோனுக்குப் பேப்பர் வாங்கியபோது வரியையும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம். அவன் அதை அரசாங்கத்துக்குக் கட்டாமல் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டான். அதனால் அந்த வரியை வட்டியோடும் அபராதத்தோடும் நாமே மறுபடி கட்ட வேண்டும் என்று உத்தரவு. நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்து கிடந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை. மேல்முறையீட்டுக்கான காலமும் கடந்துவிட்டது. மொத்தம் பதினாலு லட்சம். நீங்கள் இத்தனை மாதமும் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு எங்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு நீங்கள் சொன்ன வக்கீலிடமும் போனேன். அவரும் கையெழுத்துப் போடும் இடங்களைக் காட்டினார். நான் பேனாவைத் தொடாமல், "சார், இதுல கையெழுத்துப் போட்டா வரி பாக்கி போயிருமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரி போகாதும்மா. அரசாங்கக் கடனைக் கோர்ட்டு தள்ளுபடி பண்ணாது. ஆனா மத்த கடன்காரங்க யாரும் உங்கள நெருக்க முடியாது" என்றார். மற்றவர்கள் என்றால் யார் என்று கேட்டேன். காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, பேப்பர் கொடுத்த இஷாக் என்கிறவர், அப்புறம் வேலையாட்களின் கூலி பாக்கி என்றார்.

"அவுக யாரும் என்னை இன்னும் நெருக்கவே இல்லையே சார்" என்றேன்.

அவர் நல்ல மனிதர்தான். மனுவை மூடி வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இந்தக் கேள்வியக் கேக்கலம்மா" என்றார். எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை. பயந்து போன மனுஷனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடாத மனுவோடு பஸ் ஏறினேன்.

ஆடிட்டர் வேறொரு வழி சொல்லியிருக்கிறார். வரியைத் தவணையில் கட்டுகிறோம் என்று எழுதிக் கேட்கலாமாம். அதிகமாகப் போனால் இரண்டு வருடம் தருவார்களாம். "ஆனா ஒண்ணு, ஒரே ஒரு தவணை தவறினாலும் மிச்சம் மொத்தத்தையும் அப்பவே கேப்பாங்க. யோசிச்சுச் செய்யுங்க" என்றார். நாலு நாள் யோசித்தேன். அந்த வழியில்தான் போகப் போகிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லுவீர்கள் என்பது தெரியும். சொல்ல வேண்டுமானால் போனைப் போட்டுச் சொல்லுங்கள்.

இஷாக் பாயைப் பார்க்கக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் முகம் கொடுக்கவில்லை. செத்த நேரம் நின்ற பிறகுதான் நாற்காலியைக் காட்டினார். "மஞ்சக் கடுதாசி வரப்போவுதுன்னு கடைத்தெருவுல பேசிக்கிட்டாக. வரட்டும், வந்தா நாலு பேரு முன்னால நல்லாத் திட்டிப்புடணும்னு இருந்தேன். நீ நேர்ல வந்துட்ட தங்கச்சி, இப்ப திட்டவும் முடியல" என்றார். நான் கண்ணைக் கசக்கவில்லை. ஆறு மாதம் பொறுத்தால் பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன், புதுப் பேப்பர் வேண்டும் என்று கேட்டேன். பழையதற்கு ஆறு மாதம் பொறுப்பாராம். புதுப் பேப்பர் கையில் காசு கொடுத்தால்தானாம். அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பவித்ரா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நின்றுவிட்டு மில்லு வேலைக்குப் போகட்டுமா என்று ஒரு நாள் கேட்டாள். அந்தப் பேச்சை இனி எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். ராத்திரிச் சோறு மட்டும் சரியாக இறங்குவதில்லை அவளுக்கு. வேறு குறை இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அங்கே மழை அதிகமாமே, நனையாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மணிமேகலை


திண்டுக்கல்
ஆவணி 25, புதன்கிழமை

பவித்ராவின் அப்பாவுக்கு,

மணிமேகலை எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் பிரபுவின் கணக்கில் நீங்கள் போட்ட ஏழாயிரம் ரூபாய் என் கைக்கு வந்தது. வேறு யாருடைய போனிலிருந்தோ அனுப்பியிருக்கிறீர்கள். பணம் வந்த அன்று ராத்திரி பிள்ளை இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். கடிதம் கைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதுவே எனக்குப் போதும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

வரி ஆபீசுக்கு நானும் ஆடிட்டரும் போவதாக இருந்தது. அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல். நாள் தள்ளிப் போடலாம் என்றார். வேண்டாம் என்று நான் மட்டும் போனேன். உள்ளே போனதும் அதிகாரி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யாரும் வரலையா?" என்றார். "வரல சார். கம்பெனி என் பேர்லதான் இருக்கு, நான்தான் ஓனர்" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பதினோரு வருடமாக, பெண் பெயரில் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக வைத்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவர் கடுமையாகத்தான் பேசினார். "நோட்டீஸ் வந்தப்ப பதிலே இல்ல. இப்ப தவணை கேக்குறீங்க. நீங்க கட்டுவீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?" என்றார். "நம்ப வேண்டாம் சார். மாசாமாசம் கட்டுறனான்னு பாருங்க" என்றேன். அவர் தவணை மனுவை வாங்கி முத்திரை போட்டார். மேலதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும், கையில் இருப்பதை முதலில் கட்டினால் சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

கையில் இருந்தது நம் குட்டி யானை வண்டிதான். அதை விற்றுவிட்டேன். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். பூசை போட்டு முதன்முதலில் நீங்கள் அதை ஓட்டி வந்தபோது ஹாரனை விடாமல் அடித்துத் தெருவையே கூட்டினீர்கள். ரெட்டியார்சத்திரத்துப் பூக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். விற்கப் போவதை முன்கூட்டியே அதிகாரியிடம் சொல்லிவிட்டு, வந்த பணம் அத்தனையையும் அப்படியே வரிக்குக் கட்டினேன். அன்று சாயங்காலம் ஷெட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும் இடத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாகப் போனேன்.

ஷெட்டைத் திறந்ததும் முத்துப்பேச்சிதான் முதலில் வந்தாள். அவள் கோன் சுற்றும் மிஷினில் உட்காராமல் ஷெட் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். வந்தவள் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றாள். "யக்கா, ரெண்டு வாரக் கூலி நிக்குது. அதைக் கொடுத்துட்டு மிஷினப் போடுங்க. இல்லைன்னா நாங்க எல்லாரும் நாளைக்கு மில்லு பஸ்ஸுல ஏறிருவோம். கோவிச்சுக்கிறாதீக" என்றாள். என் வளையல்கள் இரண்டை அடகு வைத்து எல்லாருடைய கூலியையும் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, "அண்ணன் எப்ப வாராக?" என்று கேட்டாள். வருவாங்க என்றேன். வேறெதுவும் கேட்காமல் பசை காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வண்டி இல்லாததால் மில்லுக்குக் கோன் ஏற்ற வாடகை வண்டி பிடிக்கிறேன். வேடசந்தூர் மில்லில் பர்ச்சேஸ் பார்க்கிறவரிடம் போய், முன்பு போல் இரண்டு மாதம் கழித்துப் பணம் தந்தால் என்னால் முடியாது, பதினைந்து நாளில் தந்தால் கோனுக்குச் சில பைசா குறைத்துத் தருகிறேன் என்றேன். முதலில் சிரித்தார். ஒரு லோடுக்கு மட்டும் சரி என்றார். சரக்கு நன்றாக இருந்ததால் அடுத்த லோடுக்கும் அப்படியே கொடுத்தார். இன்னொரு மில்லில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டரை விட்டுவிட்டேன்.

போன வாரம் தவணை உத்தரவு வந்தது. நான் இருபத்துநாலு மாதம் கேட்டிருந்தேன். பதினெட்டு மாதம்தான் கொடுத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஆடிட்டர், "முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். முடியுமா என்று எனக்கே இன்னும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் முதல் தவணையை நேற்றுக் கட்டிவிட்டேன். நீங்கள் அனுப்பிய ஏழாயிரமும் அதில் சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் வங்கிக் கணக்கைத் திறந்துவிடுவார்களாம்.

உங்களுக்குப் பயம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் வருகிறது. ஷெட்டுக்குப் போய் மிஷின் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கொஞ்சம் அடங்குகிறது. கட்டிங் மிஷின் பிளேடு ஒரு பக்கம் இழுக்கிறது. முத்துப்பேச்சி அட்டையை முட்டுக் கொடுத்து ஓட்டுகிறாள். அதை நேராக்க உங்கள் கைதான் வேண்டும். வெளியாளைக் கூப்பிட நான் சம்மதிக்கவில்லை.

ஊரில் யாரும் உங்களைப் பற்றித் தப்பாகப் பேசவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பேசினார்கள். இப்போது குறைந்துவிட்டது. இஷாக் பாய் போன முறை பேப்பர் வாங்கப் போனபோது, "சுருளிவேல் வந்தா எங்கிட்ட வரச் சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். பவித்ரா தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். கிளம்பி வாருங்கள். கையில் காசு சேரட்டும், எல்லாம் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரியில் வந்து இறங்கும் ரயிலாகப் பார்த்து ஏறி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைப்பீர்கள். அப்படி வராதீர்கள். பகலில் வாருங்கள். நானும் பிள்ளையும் ஸ்டேஷனுக்கு வருகிறோம். கடைத்தெரு வழியாகவே மூன்று பேரும் நடந்து வீட்டுக்குப் போவோம்.

எந்த ரயில் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்,
மணிமேகலை