ஆரத்தின் அடுக்கில் கை வைத்தேன்

ஜூலை 8

சித்தி மகள் வந்து மூன்று வாரம். சித்திக்கு வேலை மாற்றல். இவளுக்கு என் வீடு, என் அறை, என் வகுப்பு. பதினோரு நாள் பிந்திப் பிறந்ததற்காக வாய்க்கு வாய் "அக்கா". இன்று அம்மா இருவர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அவ எழுத்து முத்து முத்தா இருக்கு. உன்னுது கோழி கிளறின மாதிரி." அதான் வரலாற்றுல முட்டை வாங்கினேன் என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

ஜூலை 11

பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு இரண்டே பேர். திங்கட்கிழமை பிசிக்ஸ் சார் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லித் தேர்ந்தெடுப்பார். கணக்கை இன்றே சொல்லிவிட்டார்: கோளம் முழுக்க மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது, அதைக் கட்ட எவ்வளவு ஆற்றல்? உரித்த வெங்காயத்தைத் திரும்ப ஒட்டுகிற வேலை. உள்ளே இருப்பது ஒவ்வொரு புதுத் தோலையும் வெளியே தள்ளும். அதை மீறி ஒட்டிய வேலையெல்லாம் கூட்டினால் விடை.

ஒரே வகை மின்னூட்டங்களை நெருக்கி வைக்க ஆற்றல் செலவாகுமாம். சார் எங்கள் அறையை எட்டிப் பார்த்திருப்பாரோ?

அந்த இரண்டு இடமும் எனக்கும் ஒட்டகத்துக்கும். போன வருஷமே பேசி வைத்தது. ஒட்டகம் — கழுத்து நீளம், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி.

ஜூலை 12

மதியம் ஒட்டகம் சித்தி மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சிரித்தாள். என் ஜோக்குக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு!

ஜூலை 13

செய்துவிட்டேன். காலையில் சித்தி மகள் குளிக்கப் போனபோது, அவள் நோட்டில். அவள் எழுதுவதெல்லாம் பென்சில், அழிக்க வசதி. தொகையீட்டில் ஆரத்தின் அடுக்கு நான்கை மூன்றாக்கினேன். அதோடு விட்டால் அடுத்த வரி காட்டிக்கொடுக்கும். எனவே ஐந்து நான்காகி, விடையில் ஐந்தில் மூன்று நாலில் மூன்றாகி, கீழே ஆரத்துக்கு ஒரு வர்க்கமும் முளைத்தது. எந்த வரி எதிலிருந்து வருகிறதென்று தெரியாமல் பொய் எழுத முடியாது. கெடுப்பதற்காகவே கணக்கை அடி முதல் நுனி வரை படித்தேன்.

ஜூலை 15

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார் சார். முடித்தவர் உட்கார்ந்து பார்க்கலாம். சித்தி மகள் நோட்டை நினைத்தே பார்க்கவில்லை; தானாக முதலிலிருந்து போட்டு முடித்தாள். எனக்கும் சரி. எப்படி வராமல் போகும்?

பிறகு ஒட்டகம். நாலில் மூன்று. கீழே ஆரத்தின் வர்க்கம்.

"ஏம்மா, ஆற்றலக் கேட்டா விசையக் கொண்டு வந்து நீட்டுற? அரிசி கேட்டவனுக்குத் துணி அளந்து குடுப்பியா?"

வகுப்பே சிரித்தது. சனிக்கிழமை சாயங்காலம் சித்தி மகளின் நோட்டை ஒட்டகம் படிக்க வாங்கிப் போனாளாம். எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலையே. நான் ஏன்தான்— சே.

போட்டிக்கு நானும் சித்தி மகளும்.

ஜூலை 16

ஒட்டகம் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். சித்தி மகள் அதை என் முன் விரித்தாள்.

"அக்கா, நான் நாலை மேல திறந்து எழுதுவேன். இது மூடின நாலு. நீதானே?"

நோட்டைப் பட்டென்று மூடினேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீயே அவகிட்ட சொல்லிடு."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இந்த நல்லதனம் இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஜூலை 17

ஒட்டகத்திடம் ஒரு ஜோக் மாதிரி சொல்லிப் பார்த்தேன். "இதுல சிரிக்க என்னடி இருக்கு?" என்றாள். அப்புறம் சாரிடம் ஜோக் இல்லாமல் சொன்னேன். என் பெயரை அடித்துவிட்டு ஒட்டகத்துக்கு வேறு கணக்கு கொடுத்தார். சரியாகப் போட்டாள்; என் இடம் அவளுக்கு.

ஜூலை 19

ஒட்டகம் என்னோடு பேசுவதில்லை. அவளும் சித்தி மகளும் நூலகத்தில். ஒரே நாற்காலியில் உட்காராத குறை.

ஜூலை 24

ஒரு முழுக் கணக்கை எழுதி, ஓரிடத்தில் மட்டும் தப்பு வைத்து, ஒட்டகத்தின் மேசையில் போட்டேன். "போட்டிக்குப் பயிற்சி. தப்பைக் கண்டுபிடி." கடைசி மணிக்குத் திரும்பி வந்தது. தப்பைச் சுற்றிப் பேனாவில் ஒரு வட்டம். இரண்டு வரி தள்ளிப் பென்சிலில் இன்னொரு வட்டம். அது நான் தெரியாமலே செய்த தப்பு. சேர்ந்துதான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எரிந்தது, இல்லையென்று எழுத மாட்டேன்.

அடியில் ஒட்டகத்தின் கையெழுத்து: "ரொம்ப ஈஸி."

ஏழு நாளில் அவள் எனக்குத் தந்த முதல் இரண்டு வார்த்தை. நாளைய தாளுக்குக் கோடு போட்டுவிட்டேன்.